பரப்புகிறவரின் உரிமையா, மாறுகிறவரின் உரிமையா?

“மதத்தைப் பரப்ப அரசியலமைப்பே உரிமை கொடுத்திருக்கிறது என்றால், மாநிலங்கள் போடும் மதமாற்றத் தடைச் சட்டங்களை நீதிமன்றம் எப்படி விட்டுவைக்கிறது? கிறிஸ்தவ அமைப்புகள் ‘மனச்சாட்சி உரிமை’ என்று வழக்குப் போடுவது ஆள் சேர்ப்பதற்கான போர்வைதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்டாலும் இவை இரண்டு கேள்விகள். முதலாவது சட்டம் பற்றியது. அதில் பாதிக்கு உறுதியான பதில் இருக்கிறது, மீதி இன்னும் வழக்கில் கிடக்கிறது. இரண்டாவது நோக்கம் பற்றியது. அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்கிறவரை, எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும், நான் நம்பமாட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் 20 வருடத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும், வேண்டிய அளவு கழித்துக்கொண்டு வாசியுங்கள். உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடியவன் அல்ல. அங்கே வரும் தீர்ப்புகள் தாலுகா ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் வந்து சேரும்போது என்ன உருவம் எடுக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

அரசியலமைப்பின் 25(1) பிரிவு என்ன சொல்கிறது? பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கும் அடிப்படை உரிமைப் பகுதியின் மற்ற விதிகளுக்கும் உட்பட்டு, எல்லா மனிதருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரமும், ஒரு மதத்தை ஏற்று வெளிப்படுத்த, கடைப்பிடிக்க, பரப்ப உரிமையும் சமமாக உண்டு என்கிறது. ‘குடிமக்கள்’ என்று இல்லை, ‘எல்லா மனிதரும்’ என்று இருக்கிறது. மனச்சாட்சி முதலில் வருகிறது, பரப்புதல் கடைசியில் வருகிறது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘பரப்ப’ என்ற சொல் சும்மா வந்து உட்காரவில்லை. 1947 ஏப்ரலில், அரசியல் நிர்ணய சபையின் ஆலோசனைக் குழுவுக்குக் கீழ் இருந்த சிறுபான்மையினர் துணைக்குழுவில் அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் எம். ரத்தினசாமி. சென்னைக்காரர், கத்தோலிக்கர். கிறிஸ்தவமும் இஸ்லாமும் இயல்பிலேயே பிறரை அழைக்கும் மதங்கள், அந்த இயல்பை விட்டுவிட்டு ‘கடைப்பிடிக்கலாம்’ என்று மட்டும் சொன்னால் பாதி உரிமைதான் கொடுத்ததாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது லோகநாத் மிஸ்ரா அந்தச் சொல்லைக் கடுமையாக எதிர்த்தார். தஜம்முல் ஹுசேன், மதம் என்பது வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது என்று திருத்தமே கொண்டுவந்தார். ஆதரித்துப் பேசிய இந்துக்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தான் சுமார் 14 வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் சொன்னார். கே.எம். முன்ஷி, கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை வற்புறுத்துவது தீவிரமாக ஆள் பிடிப்பதற்காக அல்ல, அது அவர்கள் மதக் கொள்கையின் பகுதி என்பதால்தான் என்றும், இது சிறுபான்மையினரோடு எட்டிய உடன்பாடு, அதைக் கலைக்கக் கூடாது என்றும் பேசினார். இதே முன்ஷி 1947-இல், வற்புறுத்தலால் நடக்கும் மதமாற்றத்தைச் சட்டம் ஏற்காது என்று அரசியலமைப்பிலேயே ஒரு பிரிவு வேண்டும் என்ற தரப்பில் நின்றவர்! அந்தப் பிரிவு பின்னர் கைவிடப்பட்டது. எல்லாருக்கும் தெரிந்த நியாயத்தை அரசியலமைப்பில் எழுத வேண்டியதில்லை, சாதாரணச் சட்டம் போதும் என்று குழு முடிவு செய்தது.

அந்தச் ‘சாதாரணச் சட்டம்’தான் பிறகு மாநிலங்கள் வழியாக வந்தது. 1967-இல் ஒரிசா, 1968-இல் மத்தியப் பிரதேசம். பெயர் என்னவோ ‘மதச் சுதந்திரச் சட்டம்’. பலாத்காரம், ஏமாற்று, ஆசை காட்டுதல் ஆகியவற்றால் மதம் மாற்றினால் தண்டனை, மதமாற்றச் சடங்கை நடத்தியவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும் என்பது மத்தியப் பிரதேசச் சட்டத்தின் சுருக்கம். ‘பலாத்காரம்’ என்பதற்குள் தெய்வ கோபம் வரும் என்று மிரட்டுவதும் அடக்கம். நரகத்தைப் பற்றிப் பிரசங்கிக்காத பாஸ்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை என்பதால், இந்த வரையறையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

ஒரிசா உயர் நீதிமன்றம் தன் மாநிலச் சட்டத்தை ரத்து செய்தது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. இரண்டும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயின. 1977 ஜனவரியில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, தலைமை நீதிபதி ஏ.என். ராய் தலைமையிலான 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதுதான் ஸ்டனிஸ்லாஸ் வழக்கு. மனுதாரர் ஒரு பாதிரியார். ‘பரப்புதல்’ என்றால் தன் மதக் கொள்கைகளை விளக்கிச் சொல்லிப் பரப்புவது, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கு அது உரிமை தராது, ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவரை மாற்ற முனைந்தால் அது அந்த இன்னொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரத்தில் கைவைப்பது என்றது நீதிமன்றம். பொது ஒழுங்கு மாநிலப் பட்டியலில் இருப்பதால் இப்படிச் சட்டம் போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. உங்கள் முதல் கேள்விக்கான உறுதியான பதில் இதுதான். இந்தத் தீர்ப்பை இன்றுவரை எந்தப் பெரிய அமர்வும் மாற்றவில்லை. சட்ட அறிஞர் சீர்வை இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று எழுதினார், பலரும் அவரை மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் மேற்கோளை வைத்து ஜாமீன் வாங்க முடியாது.

இனி நான் சொல்வது என் வாசிப்பு, தீர்ப்பு அல்ல. 1977-இல் திருச்சபைகளின் தரப்பு தோற்றதற்கு ஒரு காரணம், கேள்வி முழுக்கப் பிரசங்கியாரின் உரிமையாகவே வைக்கப்பட்டது. ‘எனக்கு மாற்ற உரிமை உண்டா?’ என்று கேட்டால் எந்த நீதிபதியும் ‘எதிரில் இருப்பவர் என்ன, உன் பொருளா?’ என்றுதான் யோசிப்பார். ‘நான் மாறுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?’ என்று மாறுகிறவர் கேட்டால் வழக்கின் முகமே வேறு. அப்படிக் கேட்டபோது என்ன நடந்தது என்பதற்கு இமாச்சலப் பிரதேசம் உதாரணம்.

இமாச்சல் சட்டம் 2006-இல் வந்தது, கொண்டுவந்தது காங்கிரஸ் ஆட்சி. (இந்தச் சட்டங்களை ஒரே கட்சியின் கணக்கில் எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) மதம் மாற விரும்புகிறவர் 30 நாளுக்கு முன்னால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு நோட்டீஸ் தர வேண்டும், தன் பழைய மதத்துக்கே திரும்புகிறவர் மட்டும் தர வேண்டியதில்லை என்று அதில் இருந்தது. இந்திய சுவிசேஷ ஐக்கியம் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் நோட்டீஸ் பிரிவை அடித்துப்போட்டது. ஒருவர் தன் நம்பிக்கையை வெளியில் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் அவர் உரிமை. மாறுகிறேன் என்று முன்கூட்டியே அதிகாரியிடம் சொல்ல வைத்தால் அவருக்கு உடலளவிலும் மனதளவிலும் ஆபத்து வரலாம். திரும்பி வருகிறவருக்கு ஒரு நியாயம், போகிறவருக்கு ஒரு நியாயம் என்பது சமத்துவத்துக்கு எதிரானது. இவைதான் காரணங்கள். பலாத்காரம், ஏமாற்றுக்கான தண்டனைப் பிரிவுகளை நீதிமன்றம் தொடவில்லை, தொட வேண்டிய தேவையும் இல்லை. 2017-இல் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது இந்த வாதத்துக்கு இன்னும் பலம் கூடியது. ஆனால் இமாச்சலே 2019-இல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, முன்னறிவிப்போடு புதிய சட்டம் கொண்டுவந்துவிட்டது.

நோட்டீஸ் என்றால் காகிதம்தானே என்று தோன்றலாம். என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பீடி சுற்றுகிறவர். புருஷன் செத்த பிறகு பெந்தெகொஸ்தே சபை ஒன்றுக்குப் போகத் தொடங்கி, தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் குலதெய்வத்தின் பெயர். அவர் தன் பெயரைக் கெஜட்டில் (அரசிதழில்) மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பாஸ்டர் சொன்னதால் என்னிடம் வந்தார். என்ன செலவு, என்ன காகிதம் என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: “சார், கெஜட்டுல போட்டா யாரும் பாக்கலாமா?” பார்க்கலாம் அம்மா என்றேன். கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வேண்டாம் சார். மாமியாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா பிள்ளைய எங்கிட்ட விடமாட்டாக.” ஒரு பெயர் மாற்றத்துக்கே இந்த நிலை. இதே பெண் கலெக்டருக்கு 60 நாள் முன்னால் எழுதிக் கொடுத்து, போலீஸ் வந்து தெருவில் விசாரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

60 நாள் என்பது கற்பனை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாறுகிறவர் 60 நாளுக்கு முன்னால் அறிவிக்க வேண்டும், சடங்கு நடத்துகிறவர் ஒரு மாதத்துக்கு முன்னால் தனியாக அறிவிக்க வேண்டும், அதன் மேல் போலீஸ் விசாரணை. மாறிய பிறகு மீண்டும் ஒரு உறுதிமொழி, அது நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். மதமாற்றம் நேர்மையாகத்தான் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். ‘ஆசை காட்டுதல்’ என்ற வரையறைக்குள் மத அமைப்பு நடத்தும் நல்ல பள்ளியில் இலவசக் கல்வியும், மேலான வாழ்க்கையும்கூட வருகின்றன. ஆரம்பத்தில் பாதிக்கப்பட்டவரோ அவர் உறவினரோதான் புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. 2024 திருத்தத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆக்கி, சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனைவரை உயர்த்தினார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஃபதேபூரில் பதிவான பல எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்தது. திருத்தத்துக்கு முன்னால் சம்பந்தமில்லாதவர் கொடுத்த புகார் செல்லாது என்பது அதில் ஒரு காரணம். முன்னறிவிப்பு நடைமுறை மாறுகிறவருக்குச் சுமையாக இருப்பதையும் சுட்டிக்காட்டியது. ஆனால் சட்டத்தை ரத்து செய்யவில்லை, அந்தக் கேள்வியே அந்த வழக்கில் இல்லை. பல மாநிலச் சட்டங்களின் செல்லுபடியை எதிர்த்த மனுக்கள் தனியாக நிலுவையில் இருக்கின்றன. ‘சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டங்களையே தள்ளிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பாதீர்கள், மறுபக்கம் ‘எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டது’ என்று வருவதையும் நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, பின்னர் பேரவையில் நிறைவேற்றியது. பொதுவாக 3 ஆண்டு சிறை, 50,000 ரூபாய் அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் 4 ஆண்டு, 1 லட்சம். பெண்ணும் தலித்தும் சுயபுத்தியில் முடிவெடுக்க மாட்டார்கள் என்ற எண்ணம் அந்தப் பிரிவுக்குள் ஒளிந்திருப்பதை அன்றே சிலர் சொன்னார்கள். கிறிஸ்தவப் பள்ளிகள் ஒருநாள் மூடப்பட்டன, உண்ணாவிரதம் நடந்தது. சட்டம் விழுந்தது நீதிமன்றத்தில் அல்ல. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, அதே மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது.

மனச்சாட்சி உரிமை என்றாலே மதமாற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம். என் கணக்கில், இந்தியாவில் மனச்சாட்சிக்காகக் கிடைத்த மிகச் சுத்தமான தீர்ப்புக்கும் மதமாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1985-இல் கேரளத்துப் பள்ளி ஒன்றில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. வருடக்கணக்காக யாருக்கும் அது தொந்தரவாக இல்லை. ஒரு எம்.எல்.ஏ. கவனித்தார், சட்டசபையில் கேள்வி வந்தது, பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்பது கேள்வி அல்ல, அவர்கள் அதை உண்மையாக, மனச்சாட்சிப்படி கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி என்றது. இந்தத் தீர்ப்பை இன்று மேடையில் பெருமையாகச் சொல்லும் பெரிய சபைகள் யெகோவாவின் சாட்சிகளைக் கிறிஸ்தவர்களாகவே ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதன் பக்கத்தில் சாமுவேல் கமலேசன் வழக்கை வைத்துப் பாருங்கள். ராணுவ அதிகாரி, புராட்டஸ்டண்டு. தன் படைப்பிரிவின் கோயில், குருத்வாரா நிகழ்ச்சிகளுக்கு வீரர்களோடு போவார், ஆனால் கருவறைக்குள் நுழையமாட்டேன் என்றார். பணிநீக்கம் செய்தார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றன. ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு சொல்வதால் பள்ளிப் பிள்ளைகளையும் இவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. நுழைவதில் தவறில்லை என்று ஒரு பாஸ்டர் சொன்னது அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. ஒருவரின் மனச்சாட்சிக்கு அவர் பாஸ்டர் சான்றிதழ் தர வேண்டுமா? பிஜோ இம்மானுவேல் தீர்ப்பின் கண்ணால் பார்த்தால் வேண்டாம். இரண்டு தீர்ப்புக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியை இனி வரும் ஏதோ ஒரு வழக்குதான் தீர்க்க வேண்டும்.

இப்போது உங்கள் ‘போர்வை’க்கு வருகிறேன். போர்வையாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சுகமளிக்கும் கூட்டக்காரரைப் பார்த்திருக்கிறேன், ஞானஸ்நான எண்ணிக்கையை வெளிநாட்டுக்குக் கணக்கு அனுப்புகிறவரையும் பார்த்திருக்கிறேன். இவர்களுக்காக மனச்சாட்சி பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏமாற்று, மிரட்டல் ஆகியவற்றுக்குப் பொதுக் குற்றவியல் சட்டத்திலேயே தண்டனை உண்டு என்பது என் நிலை.

ஆசை காட்டுவது குற்றம் என்று சொல்கிற அரசுக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 1980-களில் சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்ற ஒருவர், ஆதி திராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். செருப்புத் தைக்கும் பட்டியல் சாதித் தொழிலாளருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் அரசுத் திட்டத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். 1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே அளவு சமூகக் கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளியது. அதே தோல், அதே ஊசி, அதே தெருமுனை. பெட்டிக்கடை கொடுத்து மதம் மாற்றினால் ஆசை காட்டுதல், மதம் மாறியதற்காகப் பெட்டிக்கடையை மறுத்தால் அதற்கு என்ன பெயர்? 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுக்கச் சொன்னது, 2023-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் போட்டது, ஆணை மாறவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்து சாதிச் சான்று கேட்டதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். இன்றைய ஆணைப்படி அந்த முடிவு சரியானதுதான். ஆணை சரியா என்பது வேறு விஷயம்.

இதில் சபைகளின் கைகளும் சுத்தமில்லை. சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் சபைகள் இந்த மாநிலத்தில் இருக்கும்போது, ‘எங்களுக்குள்ளும் தீண்டாமை உண்டு, ஆகவே சலுகை கொடு’ என்று டெல்லியில் வாதாடுவதும், ‘எங்களுக்குள் சாதி கிடையாது’ என்று ஊரில் பிரசங்கிப்பதும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுப்பது போல. சபையை விட்டு வெளியேறி இந்துவாகவோ நாத்திகராகவோ போகிற பிள்ளையின் மனச்சாட்சிக்காக எந்தப் பேராயமும் வழக்குப் போட்டதாக என் அனுபவத்தில் இல்லை. 25(1) அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

நடைமுறைக்காக ஒன்று. தமிழ்நாட்டில் இன்று மதம் மாற எந்த அதிகாரியிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பெயரை மாற்றினால்தான் கெஜட். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் சாதிச் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு மாறும், பழைய சான்றிதழை வைத்து வேலையோ சீட்டோ வாங்கினால் பின்னாளில் பறிபோகும். அந்தப் பீடிக்காரப் பெண்ணிடமும், மகனுக்குக் காலேஜ் வரும்போது இந்தக் கேள்வி வரும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். “அவன் முழுக்கு எடுக்கல சார், அவன் இஷ்டம்னு விட்டுட்டேன்” என்றார்.